வீட்டருகே வாயுக் கிணறு: குடிமக்கள் அறிய வேண்டுவன

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களுள் ஒன்றான குன்னத்துகாலில் கிணறு தோண்டுவோர் முதலில் செம்மண்ணையும், அதன்கீழ் வெட்டுக்கல் என்று அவ்வூரார் வழங்கும் செம்பூராங்கல்லையும், இறுதியில் கரும்பாறையையும் காண்பர். சார்னோகைட், கோண்டலைட் என்று புவியியலார் பெயரிட்டுள்ள இப்பாறைகள் பூமியின் மேற்பரப்பில் தோன்றியவையல்ல. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இன்றைய உருவத்தை அடைந்தவை அவை. அத்தகைய வெப்பத்தில் உயிர்ப்பொருள்களின் எச்சம் எதுவும் எண்ணெயாகவோ வாயுவாகவோ எஞ்சி நிற்க இயலாது; அதிலுள்ள கரி கிராபைட்டாக மாறிவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளநாட்டில் முற்காலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட கிராபைட் இவ்வகைப் பாறைகளுக்கிடையில் கிடைத்ததேயாகும். வேறு நிலத்தில் அடுப்பெரிக்கும் வாயுவாக இருந்திருக்கக் கூடிய கரி, இங்கே பென்சில்களுக்கு ஏற்ற பொருளாயிற்று எனலாம்.

ஆகையால் குன்னத்துகாலின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இயற்கை வாயுவைத் தேடித் துரப்பண யந்திரம் வந்து நிற்குமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் இப்பொருள் அவ்வட்டாரத்தாருக்குத் தொடர்பற்றதன்று. கன்னியாகுமரிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் மூன்று வட்டாரங்கள், மொத்தம் ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, எண்ணெயும் வாயுவும் தேடுவதற்காக எண்ணெய், இயற்கை வாயுக் கழகத்துக்கு (ஓ.என்.ஜி.சி.) ஒதுக்கப்பட்டன. அது முதற்கொண்டு எல்லையின் இருபுறத்து மீனவர் ஊர்களிலும், உள்நாட்டுக் கிராமங்களிலும் துரப்பணத்தைக் குறித்த வினாக்கள் எழுந்து வருகின்றன. வாயு எடுக்கும் தொழில் குடியிருப்புகளுக்கு மிக அருகில் நடைபெறும்போது நேர்வன யாவை என்பதை அறிய, கரும்பாறை நாட்டை விட்டுப் படிவுப் பாறை நாடாகிய காவிரிப் படுகைக்குச் செல்லுதல் வேண்டும். தமிழ் மக்கள் வீட்டு வாசலிலேயே வாயுக் கிணற்றைக் கண்டறிந்த இடம் அதுவே.

கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுற்றபொழுது தமிழகத்தின் கீழ்க்கரையில் நிலம் பள்ளம் பள்ளமாகத் தாழ்ந்தது. அப்பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்த மணலும் களிமண்ணும் சிற்சில இடங்களில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையன. களிமண் அடுக்குகளில் சிக்கிய உயிர்ப்பொருள்கள் மெல்ல வெந்து எண்ணெயும் வாயுவும் ஆயின. அவை மேல்நோக்கி நகர்ந்து மணற்பாறையின் நுண்துளைகளில் தங்கின. இவ்வடுக்குகளுக்கு ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் என நம் ஊர்ப்பெயர்களையே புவியியலார் சூட்டியுள்ளனர். 1960ஆம் ஆண்டுகளில் ஆழ்துளைகள் இடும் பணி தொடங்கியது. 1980ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதிக்குப் பின்னர் நரிமணம், கோவில்களப்பாள் முதலிய இடங்களில் பயன்தரும் கிணறுகள் அமைந்தன. குத்தாலம், திருமக்கோட்டை, இராமநாதபுரத்தை அடுத்த வழுதூர் ஆகிய ஊர்களில் அமைந்த மின்நிலையங்கள் இவ்வாயுவைக் கொண்டு இயங்குமாறு நிறுவப்பட்டவை. ஆகவே இத்தொழில் நாட்டுக்கு நன்மை ஏதும் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் அதன் நன்மை தொலைவிலுள்ள நகரங்களுக்குச் செல்ல, அதன் இடையூறு கிணற்றுக்கு அருகில் வாழ்வோரிடமே தங்கிவிடுகிறது. குடியிருப்போர் கேட்கும் வினாக்கள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

வாயுக் கிணறு என்பது குடிநீர்க் கிணற்றைப் போன்று அகன்றதன்று. தொடக்கத்தில் சுமார் இருபது அங்குல விட்டமுடைய எஃகுக் குழாய் இறக்கப்படுகிறது. ஆழம் மிக மிக, ஒன்றினுள் ஒன்றாகக் குறுகிய குழாய்கள் செருகப்பட்டு, அடியை எட்டும்பொழுது ஏழு அங்குலம் அல்லது ஐந்தரை அங்குல அளவாகிவிடுகிறது. ஒவ்வொரு குழாயின் வெளிப்புறத்துக்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்பட்டு இறுகவிடப்படுகிறது. குடிநீர் தங்கியுள்ள மேலடுக்குகளை வாயு தங்கியுள்ள கீழடுக்குகளிலிருந்து பிரித்து வைப்பது இந்தச் சிமெண்டு உறையே. ஆழத்தில் நடக்கும் துரப்பணம் குடிநீரைக் கெடுக்குமா என்று பலரும் கேட்கின்றனர். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்திலுள்ள அடுக்கு தானாகவே குடிநீரோடு கலப்பது அரிது. கேட்க வேண்டிய வினா, முதற்சில நூறு மீட்டரில் உள்ள குழாயும் சிமெண்டும் செவ்வையாக அமைந்துள்ளனவா, அவை சோதிக்கப்பட்டனவா என்பதே.

துரப்பணம் நடைபெறும்போது துளையினுள் ஒருவகைச் சேறு இடைவிடாது சுற்றிவருகிறது. பென்டோனைட் களிமண்ணும், கனம் மிகுவதற்காகப் பாரைட் என்னும் தாதுப்பொடியும் அதில் கலக்கப்படுகின்றன. (ஆந்திரத்தில் கடப்பையை அடுத்த மங்கம்பேட்டை, உலகின் பெரிய பாரைட் சுரங்கங்களுள் ஒன்றாகும்.) இச்சேற்றின் எடையே ஆழத்திலுள்ள வாயுவின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் முதற்காவல். இது தவறினால் துளையின் வாயை இறுக மூடும் பெரும் அடைப்புக் கருவி இரண்டாம் காவல். இவ்விரு காவல்களும் ஒரே சமயத்தில் இல்லாமற்போகும்போது நேர்வது யாதென்பதைக் கோதாவரிக் கழிமுகத்திலும் அஸ்ஸாமிலும் வாழ்வோர் நேரிற் கண்டனர்.

கிழக்குக் கோதாவரி மாவட்டத்துப் பாசர்லபூடியில் 1995 ஜனவரி 8ஆம் நாள் ஒரு கிணறு கட்டுக்கடங்காது பொங்கித் தீப்பற்றியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே எரிந்த அத்தீ 65 நாட்களுக்குப் பின்னரே அணைக்கப்பட்டது. அஸ்ஸாமில் தின்சுகியா மாவட்டத்துப் பாக்ஜான் கிராமத்தில் 2020 மே 27ஆம் நாள் நேர்ந்த விபத்து இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அது புதிதாகத் துரப்பணம் செய்யப்பட்ட கிணறன்று. முன்னரே வாயு தந்துகொண்டிருந்த கிணறு. அதைச் செப்பனிடும் பணியின்போது மேலிருந்த அடைப்புக் கருவி அகற்றப்பட்டது. உள்ளே இடப்பட்ட சிமெண்டு அடைப்பு உறுதியாக நின்றதா என்பது சோதிக்கப்படுமுன்னரே இவ்வாறு செய்யப்பட்டதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. பதின்மூன்று நாட்கள் வாயு சீறிய பின்னர் ஜூன் 9ஆம் நாள் தீப்பற்றியது. தீயணைப்போர் இருவர் உயிரிழந்தனர். அண்டையிலிருந்த பல வீடுகள் சாம்பலாயின. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்க வேண்டியதாயிற்று. நவம்பர் 15ஆம் நாளன்றுதான் கிணறு முற்றிலும் அடக்கப்பட்டது. வாயுவோடு வெளிவந்த எண்ணெய்த் துளிகள் தேயிலைச் செடிகளின் மேலும், மாகுரி சதுப்பு நீர்நிலையின் மேலும் படிந்தன.

துரப்பணக் கோபுரம் நிற்கும் சில மாதங்களே ஆபத்தானவை என்றும், கோபுரம் அகன்றபின் அச்சமில்லை என்றும் கிராமங்களில் எண்ணுவதுண்டு. பாக்ஜான் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. பழைய கிணற்றில் மீண்டும் வேலை தொடங்குகிறது என்னும் செய்தியும் அண்டை வீட்டாருக்கு முன்னதாகவே அறிவிக்கப்பட வேண்டிய செய்தியாகும். எத்திசையில் வெளியேறுவது, ஒலிக்கும் சங்கின் பொருள் யாது, கூடும் இடம் எது என்பனவற்றைக் கிராமத்தார் எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். அவசரகாலத் திட்டம் என்பது கம்பெனியின் அலமாரியில் இருக்கும் ஏடாக மட்டும் நின்றுவிடின் அதனாற் பயனில்லை.

இனி, வாயுவின் மணம் பற்றிக் கூற வேண்டும். இயற்கை வாயுவிற் பெரும்பகுதியாகிய மீதேனுக்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் வாயுவின் துர்நாற்றம் மெர்காப்டன் என்னும் ரசாயனப் பொருளைப் பின்னர்ச் சேர்ப்பதனால் வருவது. கிணற்றிலிருந்து வரும் வாயுவிலும், அதைச் சுமந்து செல்லும் பெருங்குழாய்கள் பலவற்றிலும் இம்மணம் சேர்க்கப்படுவதில்லை. 2014 ஜூன் 27ஆம் நாள் விடியற்காலையில் ஆந்திரத்து நகரம் என்னும் கிராமத்தில் குழாயிலிருந்து கசிந்து பரவிய வாயுவை உறக்கத்திலிருந்தோர் அறியவில்லை. எங்கோ ஒரு நெருப்பு மூண்டதும் தெரு முழுவதும் எரிந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈரமற்ற வாயுவுக்காக அமைக்கப்பட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு செலுத்தப்பட்டதால் உட்புறம் அரிக்கப்பட்டது என்பது கண்டறியப்பட்டது. மீதேன் காற்றோடு நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடிப்பதற்கு. வயலில் நீர் தேங்கியுள்ள இடத்தில் காரணமின்றிக் குமிழிகள் எழுதல், குழாய் செல்லும் வழியில் மட்டும் பயிர் பழுத்து வாடுதல், மண்ணிலிருந்து சீறும் ஓசை கேட்டல் ஆகியவையே கிராமவாசிக்குக் கிடைக்கும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டால் அடுப்பு மூட்டலாகாது. மின்விசையைப் போடவும் அணைக்கவும் கூடாது. மோட்டார் வாகனத்தை இயக்காமல், காற்று வரும் திசையை நோக்கியோ குறுக்காகவோ நடந்து விலக வேண்டும்.

மணமில்லாமை ஒருபுறமிருக்க, மணம் ஏமாற்றும் வாயுவும் உண்டு. சில நிலங்களில் மீதேனோடு ஹைட்ரஜன் சல்பைடு கலந்து வருகிறது. அழுகிய முட்டையின் நாற்றத்தால் மிகச் சிறிய அளவிலும் இதை அறியலாம்; ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று கருதுவோர் உயிருக்கே இடர் தேடிக்கொள்வர். சீனத்தில் சோங்சிங் பிரதேசத்தைச் சேர்ந்த காய்சியானில் 2003 டிசம்பர் 23ஆம் நாள் இரவு இத்தகைய கிணறொன்று பொங்கியதில் 243 பேர் இறந்தனர். எல்லா வாயு நிலங்களிலும் இது இருப்பதில்லை. தம் ஊர் வாயுவில் இருக்கிறதா என்பதைக் கேட்டறியும் உரிமை அண்டை வீட்டாருக்கு இருக்கவே வேண்டும்.

விபத்துகள் அரியன; நீரைப் பற்றிய கவலையோ நாள்தோறும் உள்ளது. கிணற்றிலிருந்து வாயுவோடு மேலே வரும் நீர் பல இடங்களில் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. துரப்பணச் சேறும், வெட்டுண்ட பாறைத் தூளும் தேக்கப்படும் குழிகளுக்கு அடியில் நீர் இறங்காத விரிப்பு இடப்பட வேண்டும். அவ்விரிப்பு கிழிந்தாலும், ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழிந்தாலும், கெடுவது முதலில் அடுத்த வயலும் அதனை அடுத்த குடிநீர்க் கிணறும் ஆகும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டிமாக் என்னும் ஊரில் 2009 ஜனவரி முதல் நாளன்று ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. அருகில் துரப்பணம் நடைபெற்று வந்தது. நீரில் மீதேன் கலந்திருந்தது. அதன்பின் எழுந்த வழக்குகளில் பெரிதும் தடுமாற்றம் விளைவித்த வினா, துரப்பணத்துக்கு முன்னர் அந்நீர் எவ்வாறிருந்தது என்பதே. இயற்கையாகவே மீதேன் கலந்த நீரும் உலகில் உண்டு. முன்னிலை தெரியாவிடில் பின்னிலையைக் கொண்டு எதையும் மெய்ப்பித்தல் கடினம்.

எனவே வாயுக் கிணற்றின் அருகில் வாழ்வோர் செய்துகொள்ளத்தக்க செயல்களுள் தலையாயது, முதல் யந்திரம் ஊருக்குள் வருமுன்னரே தம் கிணற்று நீரைச் சோதித்து வைத்தலாகும். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக் கூடங்களும், கேரளத்தில் நீர் ஆணையத்தின் சோதனைக் கூடங்களும் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களின் நீரைச் சோதித்துத் தருகின்றன. கரைந்துள்ள மொத்த உப்பு, குளோரைடு ஆகிய இரண்டையும் தவறாது அளக்கச் செய்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், குளோரைடு 250 மில்லிகிராமுக்குள்ளும் இருத்தல் விரும்பத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் முறையே 2,000, 1,000 வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பாரைட் பயன்படுவதால் பேரியமும், வசதியிருப்பின் கரைந்த மீதேனும் அளக்கப்படலாம். லிட்டருக்கு 28 மில்லிகிராமுக்கு மேல் மீதேன் இருப்பின் உடனே நடவடிக்கை தேவை என்பது அமெரிக்க வழிகாட்டு அளவு. கோடையில் ஒன்றும் மழைக்காலத்துக்குப் பின் ஒன்றுமாக இரு சோதனைகள் இருந்தால் பருவ வேறுபாட்டைக் காட்டி எவரும் வாதிட இயலாது. மாதிரியை எடுத்த நாள், எடுத்தவர், கிணற்றின் ஆழம், நீர்மட்டம் ஆகியவை குறிக்கப்பட்ட சீட்டு, நிலப்பத்திரத்தோடு சேர்த்து வைக்கத்தக்கது. திறந்த கிணற்றில் மீதேன் ஓரளவு காற்றோடு போய்விடும். மூடிய ஆழ்துளைக் கிணறும், மோட்டார் அறையும், மேல்நிலைத் தொட்டியுமே அது தேங்கும் இடங்கள்.

நிலம் தாழ்வது பற்றியும் சிறிது கூறலாம். நெதர்லாந்தில் குரோனிங்கன் வாயு நிலம் 1959இல் கண்டுபிடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் வாயு வெளியேறியதால் மணற்பாறை இறுகி நிலம் அமிழ்ந்தது. சிறு நிலநடுக்கங்களும் தோன்றின. 2012 ஆகஸ்டு 16ஆம் நாள் 3.6 அளவுடைய அதிர்ச்சி ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டபின், 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. காவிரிப் படுகை வாயு நிலங்கள் குரோனிங்கனோடு ஒப்பிடத்தக்க பெருமையுடையன அல்ல. ஆனாலும் கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த கடைமடைப் பகுதியில் ஓரங்குல இறக்கமும் வடிகாலைப் பாதிக்குமாதலால், நிலமட்ட அளவைகளைக் காலந்தோறும் எடுத்து வெளியிடுமாறு கேட்பது மிகையான கோரிக்கையாகாது.

குடிமக்களின் குரல் எந்தக் கட்டத்தில் கேட்கப்படும் என்பதும் அறிய வேண்டுவதாம். நிலத்தின் மேற்பரப்பு உழவருடையதாயினும் பெட்ரோலியம் தேடும் உரிமத்தை அளிப்பது அரசாங்கமே. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி எண்ணெய், வாயு ஆய்வுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்பட்டது. 2020 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தத்தால் ஆய்வுத் துரப்பணம் கருத்துக் கேட்புத் தேவையற்ற பிரிவுக்கு மாற்றப்பட்டது. உற்பத்திக் கட்டத்துக்கே அது எஞ்சியது. ஊரார் முதன்முதலில் முறைப்படி பேச அழைக்கப்படும் வேளையில் ஆய்வுக் கிணறு தோண்டப்பட்டு முடிந்திருக்கும் என்பது இதன் விளைவு. துரப்பணத்தில் அபாயம் மிகுந்த பகுதி, அடியிலுள்ள அழுத்தம் இன்னதென்று தெரியாத முதற்கிணறே என்பதை நோக்க, இவ்வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் 2017 பிப்ரவரியில் எழுந்த கிளர்ச்சியும், அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதை அடுத்து எழுந்த கிளர்ச்சியும் நாடறிந்தவை. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரிப் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றி, அங்கே புதிய எண்ணெய், வாயு ஆய்வுகளைத் தடைசெய்தது. முன்னரே நடைபெற்று வந்த பணிகளை அச்சட்டம் நிறுத்தவில்லை. ஆதலால் படுகையில் வாழ்வோருக்கு மேற்கூறிய சோதனைகளும் எச்சரிக்கைகளும் இன்றும் பொருந்துவனவே.

குழாய் பதிப்பதற்கு வேறு சட்டம் உண்டு. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின்படி நிலம் உரியவரிடமே இருக்கும். அதனடியில் குழாய் செலுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம். அதன்பின் அப்பட்டையின்மேல் வீடு கட்டவும், கிணறோ குளமோ தோண்டவும், மரம் நடவும் இயலாது. பயிர்ச் சேதத்துக்குரிய ஈடு நீங்கலாக, நில மதிப்பில் நூற்றுக்குப் பத்து ஈடாகத் தரப்படும் என்று சட்டம் வகுத்தது. ஐந்தாறு சென்டு நிலத்தில் வீடும் தென்னையும் வைத்து வாழும் தென்திருவிதாங்கூர் வட்டாரக் குடும்பத்துக்கு இப்பத்துப் பங்கு எவ்வளவு சிறிதென்பதை விளக்க வேண்டியதில்லை. குன்னத்துகால் போன்ற கரும்பாறைக் கிராமங்களை வாயு எட்டுமாயின் கிணற்றின் வழியாக எட்டாது, குழாயின் வழியாகவே எட்டும். ஆகவே அறிவிக்கையையும் அதன் தேதியையும் கவனித்தல் அங்கே இன்றியமையாதது.

வாயு தீர்ந்த கிணறு ஆழத்திலும் மேலும் சிமெண்டு அடைப்புகள் இட்டு மூடப்பட்டு, குழாய் நிலமட்டத்துக்குக் கீழே வெட்டப்பட்டு, மண் மூடப்படுகிறது. பத்தாண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் ஒரு கிணறு இருந்ததென்பதே தெரியாது. மனை வாங்குவோர் அறியாமல் அதன்மேல் அடித்தளம் தோண்டும் நிலை வாராதிருக்க, மூடப்பட்ட ஒவ்வொரு கிணற்றின் இடமும் சர்வே எண்ணோடு கிராமக் கணக்கில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அப்பட்டியலைக் கேட்டு, இல்லையெனில் எழுதி வாங்கிச் சேர்க்கலாம்.